தூளிக்குத் தரை இல்லை

தோசைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கும் கிழவனை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துத் தெய்வசிகாமணி சிரிக்கப் பார்த்தார். போட வேண்டியதுதான். எழுந்து, குழந்தையின் தலைமாட்டுக்குப் பின்னால் போய், அவன் கண்ணில் படாமல் நின்று, கையை விட வேண்டியதுதான். மற்றதைக் கல் பார்த்துக்கொள்ளும். பாயில் மல்லாந்து கிடந்த பேரன் துருவன் ஐந்து மாதத்துக்குரிய கம்பீரத்தோடு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலை உதைத்தான். 'ங்ஙே' என்றான். தான் சொன்னதற்குத் தானே சிரித்தான். கேட்டுத்தான் சிரித்தானா, அல்லது சத்தம் தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டியதற்குச் சிரித்தானா? இந்த மாதிரிக் கேள்விகளோடுதான் சில வாரமாக அவர் சாப்பிடுகிறார், குளிக்கிறார், பாம்புக்கு எலி போடுகிறார். இன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. மாப்பிள்ளையின் தங்கைக்கு அம்பத்தூரில் வளைகாப்பு. கத்திரி வெயிலில் குழந்தை வேண்டாம் என்று ஒரு காரணம். நீலக் கண்ணைப் பார்த்து ஊரே கண் வைக்கும் என்பது இன்னொரு காரணம். மனைவி சுலோச்சனா வாசலில் நின்று, "பால் ஃப்ளாஸ்க்ல இருக்குது. அந்த ரூம் கதவ சாத்தியே வைங்க. அந்தச் சனியனுங்கள தொட்ட கையோட புள்ளையத் தூக்காதீங்க" என்றாள். மகள் ஹேமலதா செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, கத சொல்றேன்னு அவன தூங்கவிடாம பண்ணிடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். கதை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பயலுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். ரெட்டேரியில் தூண்டில் போட்டு ரோடு ரோலரைப் பிடித்த கதை, வண்டலூர்ச் சிங்கம் அவரிடம் பீடி கேட்ட கதை. பயல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு கிடப்பான். 'தாத்தா கதைன்னா கண்ண எடுக்க மாட்டேங்கறான் பாரு' என்று வீடே மெச்சியது. கண்ணை எடுக்கவில்லை, சரி. காது?

சத்தியமாக அவருக்கு இந்தப் பயம் வந்திருக்காது, பாம்பு வளர்க்காமல் இருந்திருந்தால். கொளத்தூரில் எல்லாரையும் போல மீனோடு நின்றிருக்கலாம். தொட்டி தொட்டியாகச் சண்டை மீன் விட்டு, வாலின் நீளத்தை மெச்சிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். விதி, வயசான காலத்தில் பால் பைத்தான் மேல் ஆசை வந்தது. அந்தப் பெயரைக் கேட்டு எதிர்வீட்டம்மாள் ஒரு நாள் சொம்பில் பாலே கொண்டுவந்துவிட்டாள். பால் இல்லை தாயே, பந்து. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அவ்வளவு கோழை என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. வனத்துறையில் பதிந்து, உள் அறை முழுக்கத் தட்டுத் தட்டாகப் பெட்டி அடுக்கி, வாங்க வருகிற பையன்களுக்கு நிறப் பாடம் எடுப்பது அவருக்குப் பெரிய குஷி. 'இதோ பாரு தம்பி. குட்டிக்குத் தாய் ஒரு சீட்டு போடுவா, தகப்பன் ஒரு சீட்டு போடுவான். வெளுப்பு இருக்குதே, அது ஊமைச் சீட்டு. ரெண்டு பக்கமும் அதே விழுந்தாத்தான் வெள்ளைப் பாம்பு. ஒரு பக்கம் மட்டும் விழுந்தா பாம்பு பழுப்பாப் பொறக்கும், பழுப்பாவே வாழும், தனக்குள்ள ஒரு வெள்ளைப் பாம்பு சுருண்டு கெடக்குறது அதுக்கே தெரியாது. அந்த மாதிரி ரெண்டு பழுப்பைச் சேத்து வெச்சா, நாலுல ஒண்ணு வெள்ளையா எட்டிப் பாக்கும். அது பொறுமைக்காரன் சமாசாரம். ஆனா ஸ்பைடர்னு ஒண்ணு இருக்குது பாரு, அது உரக்கப் பேசுற சீட்டு. ஒரு பக்கம் விழுந்தாப் போதும். தகப்பன் ஸ்பைடர்னா குட்டிங்கள்ல பாதி ஸ்பைடர்.' தேன் நிற உடம்பில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கருங்கோடு. பார்த்தவன் கை நீட்டாமல் இருக்க மாட்டான். ஊமைச் சீட்டு, ஊமைச் சீட்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே. இப்போது நினைத்தாலும் நாக்கில் முள் குத்துகிறது. பாடத்தின் கடைசிப் பகுதியை அவர் மெதுவாகத்தான் சொல்வார். ஸ்பைடருக்குத் தலை ஆடும். சிலதுக்கு லேசாக, யோசிக்கிற ஆள் மாதிரி. சிலதுக்குத் திருகாணி முறுக்குகிற மாதிரி, கழுத்து தலைகீழாகப் போய் வானத்தைப் பார்க்கும். கோடு எந்தச் சீட்டில் வருகிறதோ ஆட்டமும் அதே சீட்டில்தான் வருகிறது. கிழித்துப் பிரிக்க முடியாது. அவர் பார்த்தார். ஆட்டமே இல்லாத மாதிரி இருக்கிற ஜமீனைப் பொறுக்கி எடுத்து, இனி நல்ல குட்டிகளாகத்தான் வரும் என்று நம்பிப் பெட்டையோடு சேர்த்து ஈடு போட்டார். அதோ கூடத்து மூலையில், தரையோடு தரையாக வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் தாடையைக் கீழே பதித்துப் படுத்திருக்கிறானே, அவன்தான் ஜமீன். கெட்ட வழக்கம் ஒன்றும் இல்லாத சாது. கீழே தெருவில் தண்ணீர் லாரி போய் மாடி லேசாக நடுங்கினால் பந்தாகச் சுருள்வான், அப்போதுதான் தலை கொஞ்சம் ஆடும். அவனுக்குப் பிறந்த ஒன்று எலியைக் கவ்வத் தெரியாமல் காற்றைக் கவ்விக் கவ்வியே செத்தது. எலி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டது. தகப்பனுக்குக் கொஞ்சம்தானே என்று பிள்ளைக்கும் கொஞ்சமாக வராது. எவ்வளவு வரும் என்று எவனும் சொல்ல முடியாது. இதைத்தான் பாம்பு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

தோசைக்கல் தொடையில் கனத்தது. தலையைத் தடவினார், கை தானாக நெற்றிக்கு மேலே அந்த வெள்ளைக் கொத்துக்குப் போயிற்று. பிறவியிலேயே வெள்ளை. அவர் அப்பாவுக்கும் இருந்தது. ஹேமாவுக்கும் இருக்கிறது, அவள் அதில் மருதாணி பூசிச் செம்பட்டையாக்கி, அதற்கும் நாலு பேர் 'எந்த பார்லர்' என்று கேட்கிறார்கள். பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மாள் தயங்கித் தயங்கி, "அது... வெண்குஷ்டம் கிஷ்டம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டபோது, அவர் ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. "எங்க முப்பாட்டனார் புழல் ஏரியில முங்கி எழுந்தாரும்மா, அந்த நேரம் பார்த்து மேல போன நாரை எச்சம் போட்டுடுச்சு. கழுவினாரு, கழுவினாரு, சீயக்காய் தீர்ந்துபோச்சு. அன்னியிலேருந்து எங்க வம்சத்துல எவனும் ஏரிப் பக்கம் அண்ணாந்து பார்க்க மாட்டான்." கூடமே குலுங்கியது. மாப்பிள்ளை சிரித்ததில் காபி சட்டையில் கொட்டியது. சம்மதம் சொல்லிவிட்டார்கள். யாருக்குத் தெரியும் அது உரக்கப் பேசுகிற சீட்டு என்று? யாருக்குத் தெரியும் அதே சீட்டின் மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று? அவருக்கே தெரியாது அன்றைக்கு. தெரியாது என்றால், வேணி? வேணியை மறந்தா போனார்? வேணி அவர் தங்கை. அவளுக்கும் கொத்து வெள்ளை, கூடவே ஒரு கண் மட்டும் நீலம். நல்ல நீலம், புதுச் சீசாவின் நீலம். வேணிக்குக் காது கேட்காது. கொத்து ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம், மூன்றும் தனித்தனிக் கணக்கு என்றுதான் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். குணம் குணமாகப் பிரித்துப் பார்த்த காலம். பிரசவ வார்டில் ஆயா துருவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, உச்சியில் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்தது வெள்ளைக் கொத்து. மறுநாள் கண்ணைத் திறந்தான், இரண்டும் நீலம். "வெள்ளக்காரப் புள்ள மாதிரி இருக்குதே!" என்று சம்பந்தியம்மாள் பூரித்துப்போனாள். நர்சுகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எல்லாரும் கொஞ்சிக்கொண்டிருந்த கட்டில் ஓரத்தில் நின்று அவருக்கு மட்டும் கண்முன்னால் தேன் நிறமும் கருங்கோடும், மெல்ல மெல்லத் திருகுகிற கழுத்தும் வந்தன. அழகும் அதுவும் ஒரே சீட்டு. அன்றைக்கு வாய் அடைத்தது. தாத்தா ஆனதில் பேச்சே வரவில்லை பார் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிச் சிரித்தார்கள்.

காது பரிசோதனை மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கிறது, பிறகு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிறகு போகவில்லை. "பால் குடிக்கிற வாய் இருக்குது, சிரிக்கிற மூஞ்சி இருக்குது, காது மட்டும் எங்க போயிடப் போவுது" என்று சம்பந்தியம்மாள் முடித்துவிட்டாள். போகியன்று விடியற்காலையில் தெருவே மேளம் தட்டிற்று; பொடிசுகள் ஆளுக்கொரு மேளத்தோடு இந்த வீட்டு வாசலிலேயே நின்று தட்டினார்கள்; துருவன் தூளியில் தூங்கினான். "பாருங்க, எம்புள்ள எதுக்கும் அசர மாட்டான், சிங்கம்!" வந்தவர் போனவரிடமெல்லாம் ஹேமா அதைப் பெருமையாகச் சொன்னாள். கிலுகிலுப்பையை ஆட்டினால் சிரிக்கிறானே? முகத்துக்கு நேரே ஆட்டினால் சிரிக்கிறான். தாலாட்டுப் பாடினால் தூங்குகிறானே? பாடிக்கொண்டே தூளியை ஆட்டுகிறாள், ஆட்டத்தில் தூங்குகிறான். கதவு சாத்தினால் திரும்பினானே போன வாரம்? வெளிச்சம் மாறியதில் திரும்பியிருப்பான். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு காரணம் இருந்தது. செக்கு மாதிரி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஹேமாவிடம் சொல்லிவிடலாமே. சீக்கிரம் தெரிந்தால் காதுக்குள் கருவி வைக்கலாமாம், சின்னதிலேயே வைத்தால்தான் பேச்சு வருமாம், டிவியில் ஒரு டாக்டர் சொன்னார். நாள் போகப் போக அந்தக் கதவு மூடிக்கொண்டே வருமாம். அப்படியென்றால் சொல்லத்தானே வேண்டும்? சொல்லலாம். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? ஆயுசு முழுக்கப் பொய்யாய்ச் சொல்லிப் பழகின வாயில் இது வந்தால் யார் நம்புவார்கள்? 'ஆரம்பிச்சுட்டாருடா தாத்தா' என்பார்கள். அதனால்தான் முதலில் தனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், ஒருவேளை, சொல்லவே வேண்டியிருக்காது. கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் தோசைக்கல்லை மாட்டின இடத்தில் மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். அந்த ஒருவேளைக்காகத்தான் கல் மடியில் இருக்கிறது. அந்த ஒருவேளை போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் கல்லைக் கீழே போடாமலும் இருக்கிறார்.

செல்போன் அலறியது. சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பார், வயசான காது. குழந்தைக்குப் பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, தலையணை மேல் கிடந்து நாதஸ்வரமும் தவிலுமாக அலறியது. அவர் குழந்தையைப் பார்த்தார். குழந்தை ஃபேனைப் பார்த்தது. நாதஸ்வரம் ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பித்தது. ஃபேனில் அவ்வளவு ஆழ்ந்து போயிருக்கிறான், வேறொன்றுமில்லை, ஆண்பிள்ளைகள் அப்படித்தான், டிவி பார்க்கும்போது கூப்பிட்டால் மாப்பிள்ளையும் திரும்ப மாட்டார். எடுத்தார். கோயமுத்தூர்ப் பையன் ரிஷிகேஷ், குட்டிக்குச் சொல்லி வைத்தவன். "அங்கிள், முட்டை பொரிஞ்சுதுங்களா?" "மூக்க நீட்டிட்டாங்க தம்பி, நேத்தே." "ஸ்பைடர் எனக்குத்தானுங்க. ஆனா நெட்ல என்னவோ தலை ஆடும்னு போட்டிருக்கானுங்களே?" இதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் உண்டு: எதிர் வீட்டில் தவில்காரர் குடியிருந்தார், முட்டைக்குள் இருக்கும்போதே தாளம் கேட்டுக் கேட்டு, அது ஆட்டமில்லை தம்பி, ரசனை. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்தது. "ஆடும் தம்பி. ஒண்ணும் பண்ண முடியாது. அழகு எதுல வந்துச்சோ அதுலயேதான் அதுவும் வந்துச்சு. நானும் பிரிச்சுப் பார்த்தேன், பிரியல. இனிமே நான் அத ஈடு போட மாட்டேன்." "ஏனுங் அங்கிள், உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" "நல்லாத்தான் இருக்கேன்." "இல்லீங்க, நீங்க நெசத்தப் பேசறீங்களே, அதான் பயமா இருக்குது." வைத்துவிட்டார். கதவைத் திறந்து உள் அறைக்குள் தலையை நீட்டினார். தெர்மாக்கோல் பெட்டியின் கண்ணாடி மூடிக்குள் வெதுவெதுப்பான ஆவி. சுருங்கிப்போன வெள்ளை முட்டைகள், தோல் பை மாதிரி. ஒன்றில் ஒரு கீறல். கீறலுக்கு வெளியே விரல்நுனி அளவு தலை, தேன் நிறம், கண்ணுக்குப் பின்னால் கருங்கோடு. ஈரம் காயாத தலை மெதுவாக மேலே எழும்பியது, நின்றது, யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போயிற்று, தலைகீழாயிற்று. பிறந்து இன்னும் முழுசாக வெளியே கூட வரவில்லை. அவர் கதவைச் சாத்தினார். நேராக வந்து கல்லை எடுத்தார், குழந்தையின் தலைமாட்டுக்குப் பின்னால் போனார், இடுப்புக்கு மேலே தூக்கினார், இனிமேல் நினைக்கக் கூடாது என்று நினைத்தார், விட்டார்.

தடாலென்று விழுந்தது. விழுந்து எகிறி மறுபடி விழுந்து ஙொய்யென்று சுற்றி அடங்கியது. துருவன் இரண்டு கையையும் விரித்து ஆகாயத்தைக் கட்டிக்கொள்கிறவன் மாதிரித் தூக்கிப் போட்டுக்கொண்டான், உதடு பிதுங்கியது, வீரிட்டான். வீரிட்டானே! அடேய் என் ராஜா, அடேய் என் கட்டித்தங்கமே, அழுடா, நல்லா அழுடா! தெய்வசிகாமணி அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஆடினார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ. இத்தனை நாள் எப்படிப்பட்ட முட்டாள்! பாம்போடு புழங்கிப் புழங்கிப் புத்தியும் வளைந்துவிட்டது. மனுஷன் வேறு, பாம்பு வேறு. பயலுக்கு வேணியின் கொத்து வந்திருக்கிறது, வேணியின் கண் வந்திருக்கிறது, அத்தோடு நின்றுவிட்டது, அவருக்கு நிற்கவில்லையா, ஹேமாவுக்கு நிற்கவில்லையா? ராத்திரி சாப்பாட்டில் எல்லாரிடமும் சொல்லலாம். 'இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா, ஒரு தோசைக்கல் தானா நடந்து வந்து கீழே குதிச்சிடுச்சு.' சுலோச்சனா, 'கல்லு வெடிச்சிருந்தா நாளைக்கு உங்க தலையிலதான் தோசை ஊத்தணும்' என்பாள். மாப்பிள்ளை சிரிப்பார். குழந்தை விம்மி விம்மி அடங்கி அவர் சட்டைக் காலரைச் சப்ப ஆரம்பித்தான். அந்தச் சூடான ஈரம் கழுத்தில் இறங்க இறங்க, அவர் சிரித்த முகத்தோடு கூடத்தின் மூலைப் பக்கம் திரும்பினார். ஜமீன் பந்தாகச் சுருண்டிருந்தான். இறுக்கமான பந்து. நடுவில் ஒளித்துவைத்த தலை மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஜமீனுக்குக் காது கிடையாது. தாடை தரையில் பட்டிருந்தது, தரை சொன்னது. பாயும் தரையில்தான் இருந்தது. மாடி வீடு, லாரி போனாலே நடுங்குகிற தளம், அதில் இரும்பைப் போட்டால் பாய் வழியாக முதுகில் ஓங்கி அறைந்த மாதிரி ஏறியிருக்காதா? பாம்புக்காரன் செய்கிற காரியமா இது? வாங்க வருகிறவனிடமெல்லாம், 'அதுக்குக் காது தரையில இருக்குது தம்பி, கத்தாத, காலால நடந்து காட்டு' என்று சொல்கிற வாய். வேணியைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அம்மா அடுப்படியிலிருந்து குதிகாலால் தரையை இரண்டு தரம் தட்டுவாள், டொம் டொம், எந்த மூலையில் இருந்தாலும் வேணி திரும்புவாள். வெறுங்காலைத் தண்டவாளத்தில் வைத்து, மற்றவர்களுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே ரயில் வருகிறது என்று விரலைக் காட்டி, பந்தயத்தில் தெருப் பையன்களின் கோலிக்குண்டு எல்லாவற்றையும் ஜெயித்து வைத்திருந்தாள். ஹேமா சின்னவளாக இருந்தபோது அத்தையைப் பற்றிக் கேட்டாள். வேணி அத்தை நாகலோகத்துப் பெண், அதனால் காதால் கேட்க மாட்டாள், காலால் கேட்பாள், ஒரு நாள் பூமி கூப்பிட்டது, போய்விட்டாள் என்று சொல்லி வைத்தார். குழந்தை அதை நம்பி, பல நாள் காலால் தட்டித்தான் அவரைக் கூப்பிட்டாள். பூமி கூப்பிட்டது. வில்லிவாக்கத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, வேணி அது போகட்டும் என்று ஒழுங்காக நின்றாள், கடைசிப் பெட்டி தாண்டியது, காலடியில் தரை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது, போகிற வண்டியின் அதிர்வுதான் என்று நினைத்து இறங்கினாள். அடுத்த தடத்தில் எலக்ட்ரிக் ரயில் வந்தது. இரண்டு அதிர்வும் ஒன்று மாதிரிதான் இருக்கும் காலுக்கு. ஜனங்களெல்லாம் கத்தினார்கள். எதிர்ப்பக்கம் நின்ற அவர் மட்டும் கத்தவில்லை. குதிகாலால் ஜல்லியை உதைத்துக்கொண்டே இருந்தார், இரண்டு தரம், இரண்டு தரம், கால் கிழிந்து ரத்தம் வரும் வரைக்கும். ஜல்லியில் சத்தம் ஓடாது. அவளுக்கு அது போகவில்லை.

கூடத்து உத்தரக் கொக்கியில் தூளி தொங்கிக்கொண்டிருந்தது, சுலோச்சனாவின் பழைய சுங்கடிப் புடவை. எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் அது எதையும் தொடாமல் நிற்பது கண்ணில் பட்டது. தூளிக்குத் தரை இல்லை. குழந்தையைப் படுக்க வைத்தார். ஆட்டவில்லை. கயிற்றில் கை வைத்து அசைவு முழுக்க நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபேனை நிறுத்தினார், காற்றில் புடவை அசையக் கூடாது. வியர்வை கண்ணில் இறங்கியது. துணியின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தார்: விழித்துத்தான் இருந்தான், முஷ்டியை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டு, புடவையின் வெள்ளைப் புள்ளிகளில் எதையோ தேடிக்கொண்டு, பரம சுகமாக. சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டுவந்தார். தலைப்பக்கமாக, நிழல் விழாமல் நின்றார். ஓங்கித் தட்டினார். தட்டின் ஓசை அவர் பல்லில் ஏறியது. முஷ்டி சப்புகிற சத்தம் நிற்கவில்லை. ச்ளப், ச்ளப். இன்னொரு தடவை தட்டினார். சாமி, ஒரே ஒரு தடவை அந்தச் சப்புகிற சத்தம் நின்று ஆரம்பிக்கட்டும், போதும். தட்டினார். ச்ளப், ச்ளப். நீலக் கண் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குச் சாவகாசமாகப் போயிற்று. தட்டினார், தட்டினார், கரண்டியின் காம்பு வளைந்தது. கீழ்வீட்டு மார்ட்டின் ஜன்னல் வழியாகக் கத்தினான்: "சார்! இன்னா சார், போகி எட்டு மாசம் முன்னாடியே வந்துடுச்சா? மதியானத்துல மனுசன் தூங்க வேணாமா?" "இல்லப்பா மார்ட்டின், எலி... எலி ஒண்ணு." "எலியா! வீடு முழுக்கப் பாம்ப வெச்சுக்கினு எலிக்குத் தட்ட தட்டுற ஒரே ஆளு நீதான் சார்." கீழே எல்லாரும் சிரிக்கிற சத்தம் வந்தது. ஜமீன் மூலையில் பந்து அவிழ்ந்து, தாடையைத் தரையில் வைத்து, தலை ஆட்டமின்றி நிம்மதியாகப் படுத்திருந்தான். அவனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

தட்டை வைத்தார். மறுபடி ஃபேனைப் போட்டார். குழந்தையை எடுத்துப் பாயில் விட்டு, தானும் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தார். சிவப்புத் தரை குளிர்ச்சியாக இருந்தது. தரைக்குள் ஓர் ஊரே ஓடிக்கொண்டிருப்பது கன்னத்துக்குத் தெரிந்தது: கீழ்வீட்டு மிக்ஸி, மோட்டார், எங்கேயோ ஒரு வண்டி. வேணி இதில்தான் இருந்தாள், இந்தச் சத்தங்களில். அழுகை வரவில்லை. கதையும் வரவில்லை, நாரை இல்லை, நாகலோகம் இல்லை, வாய்க்குள் சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்தபோது படியில் ஏறுகிற கால்களும் கண்ணாடி வளையல் சத்தமும் கேட்டன. ஹேமா முதலில் உள்ளே வந்தாள், கை நிறைய வளைகாப்பு வளையல், நெற்றியில் சந்தனம், செம்பட்டைக் கொத்து வியர்வையில் ஒட்டிக்கொண்டு. "அழுதானாப்பா?" "ஒரு தடவ." "என்ன தோசைக்கல்லு கீழ கெடக்குது? யம்மா, வந்து பாரு ஒன் வூட்டுக்காரர! டேய் துருவா! செல்லம்! அம்மா வந்துட்டேன் பாரு!" குழந்தையின் பின்பக்கம் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டாள். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "திமிரு. தாத்தா இருந்தா என்னக் கண்டுக்கவே மாட்டான்." தெய்வசிகாமணி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஹேமா. காலால கூப்பிடு." "என்னாது?" "குதிகாலால. ரெண்டு தரம் தட்டு." "தோ ஆரம்பிச்சுட்டாரு" என்று அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, சின்னப் பிள்ளையில் தட்டின மாதிரியே ஓங்கித் தட்டினாள், டொம் டொம். துருவன் தலையை உருட்டித் திரும்பி, அம்மாவைக் கண்டு, வாயெல்லாம் சிரிப்பானான். "ஐயோ, பாரேன்!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை தட்டக் காலைத் தூக்கினாள். "அப்படியே வேணி அத்த மாதிரியே..." என்றாள். தூக்கின கால் தூக்கினபடி நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பவில்லை. பின்னால் படியேறி வந்துகொண்டிருந்த சுலோச்சனா, "வாசக் கதவ தெறந்து போட்டு வெச்சிருக்கீங்களே, பாம்பு கீம்பு வெளிய வந்தா?" என்று கேட்டாள். ஹேமாவுக்கு அந்தக் காலைக் கீழே வைக்கத் தெரியவில்லை.